மேனேஜர் மாரப்பன்

அனுப்பர்பாளையம் பிரிவில்
பஞ்சர் கடைக்கு மேல்மாடியில் என் கம்பெனி.
சாட்டின் நாடாவில் அச்சடித்து வெட்டும் மெஷின் ஒன்று,
அது நின்றால் தட்டிக்கொடுக்க ஒரு ஸ்பானர்,
மதியம் வரை வரும் அமிர்தம்.
மிச்சமெல்லாம் நான்.

உறுத்துகிறது என்று
பனியனின் கழுத்திலிருந்து வெட்டி எறிவீர்களே,
அதுதான் எங்கள் உற்பத்தி.
எஸ், எம், எல், எக்ஸெல்.
ஊரார் உடம்புக்கெல்லாம் அளவு சொல்லி அனுப்புகிறவள்
விசிட்டிங் கார்டில் மட்டும்
எனக்கு இரண்டு சைஸ் கூட்டிப் போட்டேன்:
துளசி லேபிள்ஸ் குரூப்.

முதல் ஃபோனிலேயே வாயில் வந்துவிட்டது அந்தச் சொல்.
நாங்க பாத்துக்கறமுங்க.
நாங்க அனுப்பிட்டமுங்க.

கொங்கு மெயின் ரோட்டுக் குப்புராஜ்
ரேட்டைக் குறைக்கச் சொல்லி அழுத்திய அன்று
முடியாது என்று சொல்லக் கூச்சமாயிருந்தது.
'மேனேஜரைக் கேட்டுச் சொல்றனுங்க.'
'அவரு பேரென்ன?'
எதிர்ச்சுவர்க் காலண்டரில்
ஒரு ஃபைனான்ஸ்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.
'மாரப்பனுங்க.'

பிறக்கும்போதே அவருக்கு ஐம்பது வயது, சுகர் வேறு.
நான் மென்று விழுங்கியதையெல்லாம் அவர் சொன்னார்.
பாக்கி கேட்டார். கடன் கிடையாது என்றார்.
சலவைக் குறியைத் தலைகீழாக அடித்ததும் அவர்தான்.
புதன் என்று சொல்லிச் சனிக்கிழமை கொடுத்ததும்.
நாலாயிரம் பீஸில்
காட்டன் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனபோது
குப்புராஜ் காதில் விழும்படி
ஃபோனைச் சற்றே தள்ளிப் பிடித்து
அவரைக் கண்டபடி திட்டினேன்.
அமிர்தம் முந்தானையைக் கடித்துக்கொண்டு
மாடிப்படிக்கு ஓடினாள்.

தீபாவளிக்கு இரண்டு பெட்டி வரும்,
எனக்கொன்று, மாரப்பனுக்கொன்று.
அவருடைய மைசூர்பாவையும் நானே தின்றேன்.
சுகர்காரர், பாவம்.

ஆறு வருசம் ஓடியது.
வைகாசியில் குப்புராஜ் குரலைத் தாழ்த்திப் பேசினார்:
'அம்மிணி, தப்பா எடுத்துக்காதீங்க.
பையனுக்குப் புது யூனிட் போடறேன்.
கறாரான ஆள் ஒருத்தர் வேணும்.
மாரப்பனுக்கு நீங்க என்ன குடுக்கறீங்க?
அதுக்கு மேல அஞ்சாயிரம் நான் தர்றேன்.
உங்க காதுல போட்டுட்டுத்தான்
அவருகிட்டப் பேசோணும்னு இருக்கறேன்.'

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது.
ஆளை இழுக்கப் பார்க்கிறவர்கூட
சொல்லிவிட்டுச் செய்கிறார்.

வேலையை விட்டு நின்றுவிட்டார் என்றிருக்கலாம்.
செத்துப்போனார் என்றால்
மாலையோடு வந்து நிற்கிற மனுசன்.
மெஷினை நிறுத்தினேன்.
கீழே பஞ்சர் கடைப் பையன்
ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி
எங்கே குமிழி வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தான்.

'மாரப்பன்னு ஆருமில்லீங்க.'
'அப்பறம் ரேட்டுப் பேசினது?'
'நானுங்க.'
'போன வருசம் லேட்டானது? அந்தக் காட்டன்?'
'அதுவும் நானுங்க.'

நாங்க என்பதற்கும் நானுங்க என்பதற்கும்
நடுவில் ஒரே ஓர் எழுத்து.
என் லேபிள்களில் விட்டுப்போவது
எப்போதும் ஓர் எழுத்துத்தான்.

ஃபோனை வைத்துவிட்டார்.
இரண்டு மாதம் ஆர்டர் இல்லை.
அமிர்தத்தின் சம்பளத்துக்கு மோதிரம் போனது.
மூன்றாம் மாதம் ஆறாயிரம் பீஸ் என்றார்,
பத்துப் பைசா குறைத்து.
'கட்டாதுங்க' என்றேன்.
யாரையும் கேட்டுச் சொல்வதாக இழுக்கவில்லை.
கை நடுங்கியது, அது வேறு.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'அப்படியே மாரப்பன் பேச்சு' என்றார்.

இந்தத் தீபாவளிக்கு ஒரு பெட்டிதான் வந்தது.
மூடியில் பேனாவால் எழுதியிருந்தது:
துளசிமனி.
ஒரு சுழி குறைவு.